கடைக்கு 11 மாத ஒப்பந்தம் போதுமா? உள்வேலைக்கு 14 லட்சம் போடப் போகிறேன்

அடுமனை_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். ஏழு வருடமாக வீட்டிலேயே கேக், பன், பிஸ்கட் செய்து ஆர்டருக்குக் கொடுத்து வருகிறேன். இப்போது கடையாகவே போட்டுவிடலாம் என்று தில்லைநகர் பக்கம் ஒரு தரைத்தளம் பார்த்திருக்கிறேன். 900 சதுர அடி, வாடகை 40,000. அட்வான்ஸ் பத்து மாத வாடகை, அதாவது 4 லட்சம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாடகையை 10 சதவீதம் ஏற்றுவது என்று பேச்சு.

ஐந்து வருடம் தாராளமாக இருங்கள் என்று உரிமையாளர் வாயால் சொல்கிறார். ஆனால் எழுத்தில் 11 மாதம்தான் போடுவாராம். முடிந்ததும் புதுப்பித்துக்கொண்டே போகலாமாம். "எல்லாரும் அப்படித்தாம்மா போடறாங்க, பதிவுன்னு போனா வீண் செலவு" என்றார். நல்ல மனிதர், அவர் மேல் குறை எதுவும் இல்லை.

டெக் ஓவன், மாவு பிசையும் மிஷின், கண்ணாடி கவுண்டர், தரைக்கு டைல்ஸ், புகைபோக்கி என்று உள்வேலைக்கே 14 லட்சம் ஆகிறது. அதில் 8 லட்சம் வங்கிக் கடன், ஐந்து வருடத் தவணை. கடன் கேட்கப் போனபோது மேலாளர் கேட்ட முதல் கேள்வியே "இடத்துக்கு எத்தனை வருட ஒப்பந்தம்?" என்பதுதான். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பத்திரஎழுத்தர்

26 வருடமாகச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறேன். இந்த 11 மாதக் கதையை வாரத்தில் நாலு தடவையாவது கேட்பேன், அதனால் அது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்கிறேன்.

1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் கட்டாயம் பதிய வேண்டும் என்கிறது. ஆண்டு வாடகை என்று குறிப்பிட்டு எழுதினாலும் அப்படியே. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 107-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. அதற்குள் அடங்காமல் இருக்கத்தான் 11 மாதம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மிச்சம், அலைச்சலும் மிச்சம். வீட்டு வாடகைக்கு வந்த பழக்கத்தை அப்படியே கடைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டில் குடியிருப்பவர் பீரோவையும் கட்டிலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். நீங்கள் ஒட்டிய டைல்ஸை உரித்துக்கொண்டு போக முடியுமா?

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு வருடம் 40,000 வீதம் 9,60,000. அடுத்த இரண்டு வருடம் 44,000 வீதம் 10,56,000. ஐந்தாம் வருடம் 48,400 வீதம் 5,80,800. மொத்த வாடகை 25,96,800. இதோடு அட்வான்ஸ் 4 லட்சத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள், ஆக 29,96,800. தமிழ்நாட்டில் 30 வருடத்துக்கு உட்பட்ட குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உங்களுக்கு 29,968 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம்தான், ஆனால் 20,000-க்கு மேல் போகாது. இரண்டும் சேர்த்து 49,968. அறுபது மாதத்துக்கு வகுத்தால் மாதம் 833 ரூபாய். 14 லட்சத்துக்கு அது காவல் என்றால் என் கணக்கில் மலிவுதான்.

மாடிக்கடை_உரிமையாளர்

நானும் ஒரு கட்டட உரிமையாளன்தான். கீழே மூன்று கடை, மேலே என் வீடு. எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பதிவு செய்துகொடுத்தால் கடைக்காரர் கிளம்பவே மாட்டார் என்ற பயம் எங்கள் வீட்டிலேயே உண்டு. என் அப்பா 1978-இல் மாதம் 150 ரூபாய்க்கு விட்ட கடையைத் திரும்ப வாங்க 19 வருடம் கோர்ட்டுக்கு நடந்தார். அந்த வழக்குக் காகிதக் கட்டுகளை நான் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீண்ட காலத்துக்கு எழுதித்தரக் கை நடுங்கத்தான் செய்யும்.

வழக்குரைஞர்_தஞ்சை

மாடிக்கடை அண்ணன் சொன்ன பயம் நியாயமானது. ஆனால் அது 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டாக்கிய பயம். அந்தச் சட்டத்தில் ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வாடகைதாரர் சட்டப்படியான வாடகைதாரராகத் தொடரலாம். வாடகையை நிர்ணயிக்கவும் தனி மனு போட வேண்டும். அந்தச் சட்டமே இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறைக்கு வந்து பழையதை நீக்கிவிட்டது. பேசி எழுதிய வாடகைதான் வாடகை, எழுதிய காலம்தான் காலம். இன்றைய தேதியில் முடிவு நாளைத் தெளிவாக எழுதிப் பதிந்த பத்திரம் உரிமையாளருக்கும் பாதுகாப்புத்தான்.

அடுமனை மேடம், நீங்கள் கவனிக்க வேண்டியது இதில்தான் இருக்கிறது. புதிய சட்டப்படி நகரப் பகுதியில் எந்த வாடகையும், 11 மாதமோ 11 நாளோ, எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் வாடகை அதிகாரி. அரசின் வாடகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆக, "11 மாதம் போட்டால் பதிவே தேவையில்லை" என்பது தமிழ்நாட்டு நகரங்களில் 2019-லேயே செல்லாத பேச்சாகிவிட்டது.

இதில் பலரும் குழம்புவது, சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவும் ஒன்றே என்று நினைப்பது. இரண்டும் வேறு வேறு வாசல். ஐந்து வருடக் குத்தகை என்றால் இரண்டிலும் ஏற வேண்டும். முதலாவது உங்கள் ஐந்து வருட உரிமையை உண்டாக்குகிறது. இரண்டாவது, நாளை சண்டை என்று வந்தால் வாடகை நீதிமன்றத்தில் நிற்க இடம் தருகிறது.

தையல்கூடம்_மதுரை

தங்கச்சி, நீங்க கேட்டது என் வயிற்றில் புளியைக் கரைக்கிற கேள்வி. என் கதையைக் கேளுங்கள்.

மதுரையில் 2008-லிருந்து தையல் கூடம் வைத்திருந்தேன். பன்னிரண்டு மிஷின், ஒரு கட்டிங் டேபிள். முதல் வருடம் 11 மாத ஒப்பந்தம் எழுதினோம். அப்புறம் யார் எழுதுவது? ஒவ்வொரு தையும் பெரியவர் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு, பழத்தோடு போவேன், வாடகையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்வார், "இரு தம்பி, நான் இருக்கிற வரைக்கும் யாரு உன்னைக் கேட்கப்போறா" என்பார். அவர் சொன்ன வார்த்தையை அவர் காப்பாற்றினார். 2020-இல் அவர் தவறிவிட்டார்.

மகன்கள் பாகம் பிரித்தபோது கடை சின்ன மகன் பங்குக்குப் போனது. மூன்றாம் மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அட்வான்ஸ் 2 லட்சம் கொடுத்திருந்தேன், ரொக்கமாக. ரசீது பெரியவர் கையெழுத்தில் ஒரு டைரித் தாள். மகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "அப்பா வாங்கினது எனக்குத் தெரியாது" என்றார். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. வக்கீலிடம் ஓடினேன். எழுத்து ஒப்பந்தம் போடத் தவறியதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் என்று புதிய சட்டத்தில் இருக்கிறது என்றார்.

சுவரில் பதித்த மின்குழாய், மிஷினுக்கு மிஷின் இழுத்த வயர், நான் போட்ட ஷட்டர் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. ஷட்டரில் கடைப்பெயரை எழுதிய பெயின்ட் இன்னும் அழியவில்லை, அந்தத் தெரு வழியாகப் போனால் பார்த்துக்கொண்டே போவேன். பேசிப் பேசி 80,000 வாங்கினேன்.

உங்கள் உரிமையாளரும் நல்லவர் என்கிறீர்கள். என் பெரியவரும் தங்கமான மனிதர். நல்லவருக்குப் பிறகு யார் என்பதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன்.

வழக்குரைஞர்_தஞ்சை

தையல்கூடம் அண்ணா, இதைத் திறந்து எழுதியதற்கு நன்றி. இதில் இரண்டு பாடம் பத்திரத்தில் ஏற வேண்டும். ஒன்று, "இந்த ஒப்பந்தம் இரு தரப்பின் வாரிசுகளையும், சொத்தை விலைக்கு வாங்குபவர், தானமாகவோ பாகமாகவோ பெறுபவர் எவரையும் கட்டுப்படுத்தும்" என்ற வரி. சொத்து கைமாறினாலும் பதிவான குத்தகை புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் என்பது சட்டத்திலேயே உண்டு. ஆனால் அட்வான்ஸைத் திருப்பித் தரும் பொறுப்பையும் சேர்த்து வெளிப்படையாக எழுதிவிட்டால் வாதம் வளராது. இரண்டு, அட்வான்ஸ் வங்கி வழியாகவே போக வேண்டும், பரிவர்த்தனை எண் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

அட்வான்ஸ் பற்றி ஒரு தகவல். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது புதிய சட்டத்தின் விதி. இரு தரப்பும் ஒத்து எழுதினால் பத்து மாதமும் செல்லும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியைத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. "நியாயமான கழிவு" எது என்று நீங்கள்தான் எழுத வேண்டும். வெள்ளையடிக்க எவ்வளவு, மின்கட்டண பாக்கி எப்படி என்பதையெல்லாம் இப்போதே பேசிவிடுங்கள். போகும்போது பேசினால் மனக்கசப்பில்தான் முடியும்.

அடுமனை_திருச்சி

தையல்கூடம் அண்ணா, படித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் ஓடவில்லை. பத்திரஎழுத்தர் ஐயா, மாதம் 833 என்ற கணக்கை உரிமையாளரிடம் காட்டினேன். பதிவுச் செலவு முழுவதும் என்னுடையது என்றேன். "செலவு உன்னோடதுன்னா எனக்கென்னம்மா" என்று இறங்கி வந்துவிட்டார். ஒரு சந்தேகம். ஐந்து வருடத்துக்கு எழுதி, பதியாமல் வைத்துக்கொண்டால்? எழுத்து எழுத்துத்தானே என்று என் மாமா கேட்கிறார்.

பத்திரஎழுத்தர்

கூடாதும்மா. கட்டாயம் பதிய வேண்டியதைப் பதியாமல் விட்டால், ஐந்து வருடம் என்ற அந்த விதியை நிரூபிக்கவே அந்தத் தாள் உதவாது. நீங்கள் அந்த இடத்தில் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்று காட்ட வேண்டுமானால் பயன்படலாம், அவ்வளவுதான். இதோடு முத்திரைத் தீர்வையும் குறைவாக இருந்தால் நீதிமன்றம் தாளைக் கையில் வாங்கி முடக்கி வைக்கும். குறைந்த தீர்வையோடு பத்து மடங்கு வரை தண்டமும் கட்டினால்தான் அதைப் பார்ப்பார்கள். அதுவும் பதிவில்லாத குறையைச் சரி செய்யாது.

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று மாதம் பையில் வைத்திருந்துவிட்டு ஓடி வருகிறவர்கள் உண்டு.

கையெழுத்துக்கு முன்னால் நான் எல்லோரிடமும் நாலு தாள் கேட்பேன். வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் தாள்), உரிமையாளரின் மூலப் பத்திரம், கடைசி சொத்துவரி ரசீது, மின் இணைப்பு அட்டை. பெயர் நாலிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். கூட்டுச் சொத்து என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் ஒருவர் இருந்தால் அவருடைய அதிகாரப் பத்திரத்தில் குத்தகைக்கு விடும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். சொத்துவரியில் "குடியிருப்பு" என்று இருந்து நீங்கள் கடை வைத்தால் நாளைக்கு மாநகராட்சி ஆள் வருவார். மின் இணைப்பு வீட்டு விகிதத்தில் இருந்தால் இன்னும் மோசம், மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இரண்டு மடங்கு விகிதத்தில் மதிப்பீடு போடுவார்கள். ஓவன் ஓடுகிற கடையில் அந்தத் தொகை எவ்வளவு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோயில்கடை_கும்பகோணம்

இடையில் ஒரு வார்த்தை. கோயில் இடத்தில் கடை எடுப்பவர்கள் இந்த இழையை அப்படியே பின்பற்ற வேண்டாம். அறநிலையச் சொத்துக்கு 1959-ஆம் வருடச் சட்டம் தனி. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை ஆணையர் அனுமதி இல்லாமல் செல்லாது. 2017-ஆம் வருட வாடகைச் சட்டமும் அந்த இடங்களுக்குப் பொருந்தாது. எங்கள் தெருவில் ஒருவர் ஏற்கெனவே இருந்த கடைக்காரரிடம் பகடி, அதாவது கடையை விட்டுக்கொடுக்கத் தனியாக ஒரு தொகை, கொடுத்து உள்ளே வந்தார். நிர்வாகம் அவரை வாடகைதாரராகவே ஏற்கவில்லை.

அடுமனை_திருச்சி

நாலு தாளும் பார்த்தேன். மின் இணைப்பு வணிக விகிதத்தில்தான் இருக்கிறது. சொத்துவரி ரசீதில் தரைத்தளமும் குடியிருப்பு என்றே இருக்கிறது. மாற்றித் தருகிறேன், கூடும் வரியில் பாதி நீ கொடு என்கிறார். அது பரவாயில்லை.

பயமுறுத்துவது வில்லங்கச் சான்று. 2021-இல் ஒரு வங்கியில் உரிமைப் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியதாக ஒரு பதிவு இருக்கிறது. ரத்து ரசீது எதுவும் பின்னால் இல்லை. கேட்டால், "மகள் கல்யாணத்துக்கு வாங்கினது, தவணை ஒழுங்கா போகுதும்மா" என்கிறார். உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் கடன் இருக்கிற கட்டடத்தில் ஐந்து வருடம் எழுதலாமா?

வழக்குரைஞர்_தஞ்சை

இதைத் தேடிப் பார்த்தீர்கள் என்பதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். நூற்றில் தொண்ணூறு கடைக்காரர்கள் பார்ப்பதில்லை.

அடமானம் வைத்தவர் சொத்து தன் கையில் இருக்கும்வரை குத்தகைக்கு விடலாம். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் அதே பிரிவில் நிபந்தனை இருக்கிறது: கட்டடம் என்றால் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. இது போக, கடன் ஒப்பந்தத்திலேயே "வங்கியின் அனுமதி இல்லாமல் வாடகைக்கு விட மாட்டேன்" என்று பெரும்பாலும் எழுதி வாங்கியிருப்பார்கள். அப்படியானால் அந்த மூன்று வருடமும் நிற்காது.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்துப் பயனில்லை. 2002-ஆம் வருட சர்ஃபாசி சட்டத்தின்படி (கடன் திரும்பாவிட்டால் அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள இடம் தரும் சட்டம்) வங்கி முதலில் 60 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் தரும். அந்த நோட்டீசுக்குப் பிறகு வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் போடும் குத்தகை செல்லாது. அதற்கு முன்பே முறைப்படி, பதிவோடு வந்த குத்தகைதாரருக்குத்தான் பேச இடம். பதிவில்லாத தாளையோ வாய்ப்பேச்சையோ வைத்துக்கொண்டு வங்கியிடம் ஓராண்டுக்கு மேல் உரிமை கேட்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே ஒரே வழி, உங்கள் உரிமையாளர் கடன் கொடுத்த வங்கியிடமிருந்து தடையில்லாக் கடிதம் வாங்குவது. அதில் உங்கள் பெயர், இடத்தின் அளவு, ஐந்து வருடம், வாடகை எல்லாம் இருக்கட்டும். தவணை ஒழுங்காகப் போகிறதென்றால் அதைக் கேட்க அவர் சங்கடப்பட ஒன்றுமில்லை. கடிதத்தைப் பத்திரத்தில் குறிப்பிட்டு, நகலை இணைத்து விடுங்கள்.

கணக்கர்_ஈரோடு

வரிப் பக்கத்தை யாரும் தொடவில்லை, நான் சுருக்கமாகச் சொல்கிறேன். வணிக வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். உரிமையாளரின் ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குக் கீழே, அவர் பதியவில்லை என்றால் முன்பு அந்தப் பேச்சே இல்லை. 10.10.2024 முதல் மாறிவிட்டது: உரிமையாளர் பதியாதவராகவும் கடைக்காரர் ஜிஎஸ்டியில் பதிந்தவராகவும் இருந்தால், அந்த வரியைக் கடைக்காரரே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். 40,000-க்கு மாதம் 7,200. முழு முறையில் இருப்பவர் உள்ளீட்டு வரியாக, அதாவது தன் விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில், கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் (விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும், இப்படிக் கழிக்க முடியாத முறை) இருக்கும் சின்னக் கடைக்காரருக்கு அது கையை விட்டுப் போகிற காசு என்று எல்லோரும் முறையிட்டார்கள், 16.01.2025 முதல் காம்போசிஷன்காரர்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். நீங்கள் எந்த முறையில் பதியப் போகிறீர்கள் என்பதை வாடகை பேசும் முன்பே முடிவு செய்யுங்கள். "வாடகை ஜிஎஸ்டி நீங்கலாக" என்றா, "உட்பட" என்றா? அந்த ஒரு சொல்லில் வருடத்துக்கு 86,400 ரூபாய் இருக்கிறது.

டிடிஎஸ், அதாவது வாடகை கொடுக்கும்போதே வருமான வரியைப் பிடித்துக் கட்டுவது, உங்களுக்கு இப்போது வராது. மாதம் 50,000-ஐத் தாண்டினால்தான் அந்தக் கேள்வி.

முத்துநகர்_செல்கடை

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் என் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். ஒன்பது நாள் கதவைத் திறக்க முடியவில்லை, கடை மறுபடி ஓட இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாத வாடகையைக் கேட்டார்கள். பத்திரத்தில் வெள்ளம் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. சட்டத்தைப் பார்த்தால், தீயிலோ வெள்ளத்திலோ இடம் நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் வாடகைதாரர் குத்தகையை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. எனக்கு இடம் நிரந்தரமாகப் போகவில்லையே, இரண்டு மாதம்தானே. அதற்கு விடை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும் என்று அப்போது தெரிந்தது. கடைசியில் பாதி வாடகைக்குச் சம்மதித்தார்கள்.

அக்கா, "இயற்கைச் சீற்றத்தால் கடை திறக்க முடியாத நாட்களுக்கு வாடகை இல்லை" என்று ஒரு வரி சேருங்கள். தரைத்தளம் என்கிறீர்கள், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பக்கத்துக் கடையில் கேட்டுப் பாருங்கள்.

மாடிக்கடை_உரிமையாளர்

இவ்வளவு படித்தபின் என் மனமும் மாறியிருக்கிறது. என் கீழ்க்கடை மருந்துக்கடைக்காரர் ஐந்து வருடம் கேட்டுக்கொண்டிருந்தார், நான் இழுத்துக்கொண்டிருந்தேன். பதிந்துகொடுக்கப் போகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பூட்டுக்காலம் (இடையில் விலக முடியாத காலம்) என்று ஒன்று போடுகிறார்களே, அது இருவருக்கும் பொதுவா?

வழக்குரைஞர்_தஞ்சை

எழுதுகிற விதத்தில் இருக்கிறது அண்ணா. பெரிய நிறுவனங்கள் தரும் வரைவில் உரிமையாளர் மட்டும் கட்டுண்டிருப்பார். உரிமையாளர் தரும் வரைவில் கடைக்காரர் மட்டும். உங்கள் மருந்துக்கடைக்காரருக்கு இரண்டு வருடம் இருவரும் விலக முடியாது என்று வையுங்கள். அதன்பின் அவர் மூன்று மாத முன்னறிவிப்பில் போகலாம். நீங்கள் ஐந்து வருடமும் காத்திருக்க வேண்டும், வாடகை பாக்கி, உள்வாடகை, தவறான உபயோகம் போன்ற காரணம் இருந்தாலொழிய. முதல் போட்டவர் அவர் என்பதால் இந்த ஏற்றத்தாழ்வு நியாயம் என்பது என் எண்ணம்.

உள்வாடகை என்றதும் நினைவு வருகிறது. பத்திரத்தில் தடை இல்லையென்றால் குத்தகைதாரர் உள்வாடகைக்கு விடலாம் என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பொது விதி. 2017 சட்டம் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிறது. கடை முன்னால் ஒரு ஜூஸ் வண்டிக்கு இடம் கொடுப்பதும் தகராறாகலாம். அதையும் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள்.

அடுமனை_திருச்சி

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வங்கிக் கடிதம் வரத்தான் 25 நாள் ஆனது. உரிமையாளர் நாலு தடவை நடந்தார், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. மேலாளருக்குக் கொடுக்க ஒரு டப்பா நெய் பிஸ்கட் எடுத்துப் போனேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை; உரிமையாளரின் பேத்திக்குப் போய்ச் சேர்ந்தது.

நேற்று பதிவு முடிந்தது. காலை பத்தரைக்கு டோக்கன், முறை வர ஒன்றேகால் ஆனது. கேமரா முன்னால் உட்கார்ந்து, விரல்ரேகை வைக்கும்போது உரிமையாளரின் பெருவிரல் பதியவே இல்லை. 71 வயது, ரேகை தேய்ந்திருக்கிறது. துண்டில் துடைத்துத் துடைத்து ஆறாவது தடவை பதிந்தது. வெளியே வந்ததும் அவரே டீ வாங்கிக் கொடுத்து, "இப்ப உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. என் பசங்க நாளைக்கு உன்கிட்ட ஒண்ணும் பேச முடியாது பாரு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தையல்கூடம் அண்ணா, உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

வாடகை அதிகாரியிடம் இன்று காலை இணையத்தில் விண்ணப்பித்தாயிற்று. கடன் அனுமதியும் வந்துவிட்டது.

தையல்கூடம்_மதுரை

நல்லா இருங்க தங்கச்சி. ஓவன், புகைபோக்கி பற்றி என்ன எழுதினீர்கள்? நானும் புது இடத்துக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன், அந்த வரியை மட்டும் போடுங்களேன்.

அடுமனை_திருச்சி

போடுகிறேன் அண்ணா. வக்கீல் சாரும் பத்திரஎழுத்தர் ஐயாவும் தனிச்செய்தியில் திருத்திக் கொடுத்தது:

"குத்தகைதாரர் தம் செலவில் பொருத்தியுள்ள டெக் ஓவன், மாவு பிசையும் இயந்திரம், கண்ணாடி கவுண்டர், புகைபோக்கிக் குழாய், மின்பலகை ஆகியவை இரண்டாம் அட்டவணையில் கண்டபடி குத்தகைதாரருக்கே உரியவை. இடத்தை ஒப்படைக்கும் முன் அவற்றைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். கழற்றிய இடத்துத் துளைகளையும் சுவரையும் குத்தகைதாரர் தம் செலவில் பூசித் தர வேண்டும். தரை ஓடுகள் இடத்தோடு சேர்ந்தவை. அவற்றுக்கு ஈடாகத் தொகை எதுவும் கோரப்படாது."

பத்திரஎழுத்தர்

கழற்றுவது இடம் உங்கள் கையில் இருக்கும்போதே நடக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சாவியைக் கொடுத்துவிட்டு "நாளைக்கு வந்து ஓவனை எடுத்துக்கிறேன்" என்றால் சட்டம் துணைக்கு வராது. தையல்கூடம் தம்பி, உங்களுக்கு மிஷின் எண்ணையும் அட்டவணையில் ஏற்றுங்கள். அப்புறம் சாவி வாங்குகிற அன்றைக்கே இடத்தை நாலு பக்கமும் படம் எடுத்து, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அடுமனை அம்மா, எடுத்தீர்களா?

அடுமனை_திருச்சி

எடுத்தேன் ஐயா, 31 படம். பின்சுவரில் ஏற்கெனவே இருந்த ஓதத்தை மட்டும் தனியாக மூன்று. மீட்டர் அளவு 18,246 என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்.